நிற்கும் கயிறு, ஓடும் கயிறு

தோணி என்ற சொல் என் காதில் முதலில் வசவாகத்தான் விழுந்தது. ஒன்பது வயதிருக்கும். தலவாக்கலை பஸ் நிலையத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இடம் பிடிப்பதில் ஏதோ வாய்த்தகராறு. எதிரே நின்றவர் போகிற போக்கில் "கள்ளத்தோணி" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீடு வந்ததும் கேட்டேன், "தோணின்னா என்னாப்பா?"

"படகுடா. பாய் கட்டுன படகு."

அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊருக்குத் தெரிந்த தண்ணீர் கொத்மலை ஓயாதான். அது மகாவலியில் சேர்ந்து, ஊரெல்லாம் சுற்றித் திருகோணமலையில் கடலைப் பார்க்கும். நாங்கள் பார்த்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், தாத்தா வந்ததும் தோணியில் இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது. மண்டபம் முகாமில் அடைபட்டு, சீட்டு வாங்கி, கப்பலேறி வந்தவர் அவர். பாய் கட்டிய தோணியில் வந்தவர்கள் அதற்கும் முந்திய தலைமுறை. கோப்பிக் காலத்தில் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பக்கமிருந்து மன்னார்க் கரைக்குக் கடந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள். 1947 தேர்தலில் இந்தத் தலவாக்கலை சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு வருடமே எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோணி ஏறாதவர்களும் தோணிக்காரர்கள் ஆனார்கள்.

பிற்பாடு விஞ்ஞானம் படிப்பிக்கும் வாத்தியாரானேன். ஒவ்வொரு வருடமும் கப்பிப் பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு தோணி செய்து காட்டுவேன். புத்தகத்தில் கிணற்றுக் கப்பி படம் இருக்கிறது. எங்கள் லயத்தில் கிணறு ஏது, பீலித் தண்ணீர்தான். அதனால் தோணி. உடம்பு வேண்டாம், பாய்மரமும் கயிறும் போதும். யாரோ எறிந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் அதில் இருந்ததை மறைப்பானேன்.

முதலில் ஒரு மூங்கில் கம்பு. மேசை மேல் செங்குத்தாக நிறுத்தச் சொல்வேன். கையை எடுத்தால் விழும். உச்சியில் ஒரு கயிறு கட்டி ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால் அந்தப் பக்கமே விழும். எதிர்ப்பக்கம் இன்னொன்று கட்டினால் இரண்டுக்கும் குறுக்காக விழும். மூன்றாவது கயிறும் சேர்ந்து, மூன்றும் முக்கோணமாக விரிந்தால்தான் கம்பு நிற்கும். மூன்றில் எதை அவிழ்த்தாலும் எந்தப் பக்கம் விழும் என்று பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். கப்பல் கயிற்றைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பெயரைக் கேட்கக் கூடாது. 'இது இல்லாவிட்டால் எது விழும்' என்று கேட்க வேண்டும்.

அடுத்த சிக்கல் மேசையின் அகலம். கயிற்றைக் கம்பிலிருந்து தூரத்தில் கட்டினால் லேசான இழுப்பே போதும். கப்பலில் அந்த வசதி இல்லை. மரம் உயரம், தட்டு ஒடுக்கம். பக்கக் கயிறு மரத்தை ஒட்டினாற்போல் செங்குத்தாக இறங்குகிறது. அப்படி இறங்கும் கயிறு பக்கவாட்டில் பிடிப்பது கொஞ்சம், மரத்தைக் கீழே அழுத்துவது அதிகம். பிள்ளைகளில் ஒருவனைக் கயிற்றை மரத்தோடு ஒட்டிப் பிடித்து இழுக்கச் சொன்னால் மேசை முனகும். கம்பு அசைவது கொஞ்சம்தான். பாய்மரத்தின் அடி தட்டோடு நிற்காமல் கீழே இறங்கி, கப்பலின் முதுகெலும்பான ஏராவின் மேல் உட்காருவது இதனால்தான். காற்று பக்கவாட்டில் அடிக்கும் அடி, கயிறு வழியாகச் சுமையாக மாறி, மரத்தின் வழியே ஏராவில் இறங்குகிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு அம்மாவின் கூடைக்கயிறு நினைவுக்கு வரும். கொழுந்துக் கூடை முதுகில் தொங்கினாலும் அதைத் தாங்குவது தோள் இல்லை. கயிறு தலை உச்சியைச் சுற்றி வருகிறது. அறுக்காமலிருக்கத் துணியை நாலாய் மடித்து அடியில் வைத்திருப்பார். கூடை நிறைய நிறைய அம்மா முன்னுக்குச் சாய்வார். பின்னால் பத்துக் கிலோ இழுக்கிறது, முன்னால் உடம்பு சாய்ந்து அதைச் சரிக்கட்டுகிறது. இரண்டும் சேர்ந்து கழுத்தெலும்பு வழியே நேராகக் கீழே. பாய்மரத்தின் கணக்கு இம்மி பிசகாமல் அதுவேதான். என்ன, ராத்திரி மரத்துக்குக் கழுத்து வலிக்காது.

இனிக் கயிறு. கதை உண்மையில் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கடையில் வாங்கிய தும்புக் கயிறு ஒரு சாண் வெட்டி ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். முதலில் இரண்டு மூன்று பிரிகளாகும். ஒரு பிரியைப் பிரித்தால் இழைகள். இழையைப் பிரித்தால் விரல் நீளத் தும்பு, தலைமயிர் போல. அந்தத் தும்பை இழுத்தால் சுலபமாக அறுந்துவிடும். இந்தக் குட்டைத் தும்புகள் எப்படி நூறு அடிக் கயிறாயின? பசை கிடையாது, முடிச்சு கிடையாது. எல்லாம் முறுக்குத்தான். இழையை ஒரு பக்கம் முறுக்கி, அந்த இழைகளைச் சேர்த்துப் பிரியாக்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குகிறார்கள். பிரிகளைச் சேர்க்கும்போது மறுபடியும் எதிர்ப்பக்கம். இழை அவிழப் பார்க்கிறது. அது அவிழும் திசை பிரியை இறுக்கும் திசை. ஒன்று தளர முயன்றால் மற்றது இறுகும். இழுக்க இழுக்கத் தும்புகள் ஒன்றையொன்று நெரித்துக்கொள்கின்றன.

தும்புக் கயிற்றுக்கு இன்னும் சில குணங்கள். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப் போகாது. மிதக்கும். ரப்பர் போல் இல்லாவிட்டாலும் நல்லாய் நீண்டு கொடுக்கும். ஐரோப்பியக் கப்பல்களின் சணல் வகைக் கயிறு இதைவிட வலுவானது. ஆனால் தார் பூசாவிட்டால் ஈரத்தில் அழுகும். நீளுவது சில இடத்தில் வரம், சில இடத்தில் சாபம். நங்கூரக் கயிறு அலைக்கு நீண்டு கொடுத்தால் நல்லது. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கயிறு நீண்டு கொடுத்தால் மரம் ஆடும். ஆகவே தும்பால் கட்டிய மரத்தை அடிக்கடி இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு ஏதாவது ஒரு பொறி வேண்டும்.

மேற்கத்தியப் பாய்க்கப்பலில் கயிறுகள் இரண்டு சாதி. ஒன்று நிற்கும் கயிறு: மரத்தைப் பிடித்தபடி இருக்கும், யாரும் தொடுவதில்லை, தார் பூசிக் கறுத்திருக்கும். மற்றது ஓடும் கயிறு: பாயை ஏற்ற, இறக்க, திருப்ப. கப்பி வழியே ஓட வேண்டியது, ஆகவே தார் குறைவு, நிறம் வெளிறல். நிற்கும் கயிற்றை இறுக்க அவர்கள் கண்ட பொறியைப் பார்த்தால் நம் வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். தடித்த வட்டக் கட்டை, அதில் மூன்று துளை. உரித்த தேங்காயின் கண்களைப் பார்த்து வைத்தாற்போல். ஒரு கட்டை பக்கக் கயிற்றின் நுனியில், இன்னொன்று கப்பலின் விலாவில். இரண்டுக்கும் இடையே சிறு கயிற்றை ஆறு துளைகளிலும் மாறி மாறிக் கோத்து இழுத்தால், சப்பாத்து நாடாவை இறுக்குவது போல மரம் இறுகும்.

நம் தோணிக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடு, வெங்காயம், மிளகாய், கருவாடு என்று ஏற்றிவந்த தோணிகள் கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரைக்கும் பாயோடு ஓடின. ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் அந்த உலகத்தைத்தான் சொல்கிறது. அவற்றின் பாய் கோணலாய்த் தொங்கும் முக்கோணப் பாய். அதைத் தாங்கும் நீண்ட குறுக்குமரத்துக்குப் பருமல் என்று பெயர். கரைக்குக் கரை பெயர் மாறும். சில இடத்தில் பறுவான். ஒரே மரத்தில் இவ்வளவு நீளம் கிடைக்காது, ஆகவே இரண்டு மூன்று மரங்களை ஒட்டிக் கயிறு சுற்றிக் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்துத் துலாவைப் பார்த்தவர்களுக்குப் பருமலைப் புரியவைக்கப் பாடுபட வேண்டாம்: நட்ட மரத்தின் மேல் சாய்ந்து கிடக்கும் நெடுங்கழி, ஒரு முனை தாழ, மறுமுனை வானத்தில்.

பருமலை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். இங்கேதான் கப்பி வருகிறது. பருமலும் நனைந்த பாயும் சேர்ந்து 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு கப்பித் தொகுதி, கீழே ஒன்று, நடுவே கயிறு நான்கு தடவை போய்வந்தால் ஒவ்வொரு கயிற்றுக்கும் 100 கிலோ. கையில் பிடிக்கும் நுனிக்கும் 100 கிலோ. இலாபம் என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். கடல் யாருக்கும் இனாம் தருவதில்லை. பருமலை 10 மீட்டர் ஏற்ற 40 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு கப்பியும் உராய்வில் தன் பங்கைத் தின்னும். நனைந்த கயிறு, மரக் கப்பி, மர அச்சு என்றால் தின்பது கொஞ்சமில்லை. மாதிரிக்கு நான் வைத்திருப்பது நூல்கட்டைகள். அச்சில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டதும் இழுப்பு எவ்வளவு குறைகிறது என்று பிள்ளைகளே தராசில் பார்ப்பார்கள்.

இதுவரை சொன்னது எந்தக் கப்பலுக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போவது முக்கோணப் பாயின் தனிச் சாமர்த்தியம். பாய் ஏறி முடிந்ததும் ஆஞ்சானின் கீழ்த்தொகுதியை மரத்தடியில் கட்டுவதில்லை. மரத்துக்குப் பின்னால், தோணியின் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். என்ன ஆகிறது? பாயைத் தூக்கிய அதே கயிறு இப்போது பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறது. ஓடும் கயிறு நிற்கும் கயிறாகிவிட்டது. அதற்கென்று தனியாக ஒரு பின்கயிறு வேண்டாம்.

பக்கக் கயிறுகளும் அப்படித்தான். காற்று இடமிருந்து அடித்தால் மரம் வலப்பக்கம் சாயப் பார்க்கும். பிடிக்க வேண்டியது இடப்பக்கக் கயிறு மட்டும். வலப்பக்கக் கயிறு சும்மா தொங்குகிறது. சும்மா தொங்குவது மட்டுமா, பாயின் வயிற்றில் உரசித் துணியைத் தேய்க்கவும் செய்யும். அதனால் அதை அவிழ்த்து ஓரமாய் ஒதுக்கிவிடுவார்கள். காற்றுக்கு மறுபக்கம் காட்ட வேண்டி வந்தால்தான் வேலை. தோணியின் பின்புறத்தைக் காற்றுக்குக் கொடுத்துச் சுற்றி, பருமலை மரத்துக்கு முன்புறமாய்த் திருப்பி மறுபக்கம் கொண்டுவர வேண்டும். அந்த நேரம் பாய் எந்தப் பக்கமும் இல்லாமல் அடித்துக்கொள்ளும். அதற்குள் பழைய பக்கக் கயிறுகளை அவிழ்த்து, புதிய பக்கத்தில் இழுத்து, கப்பியால் இறுக்கி முடித்துவிட வேண்டும். தாமதித்தால் மரம் எதைப் பிடித்து நிற்கும்? நிற்கும் கயிறு, ஓடும் கயிறு என்ற பிரிவினை இந்தத் தோணியில் செல்லாது. வேளை வந்தால் எல்லாக் கயிறும் ஓடும், எல்லாக் கயிறும் நிற்கும். கயிறு கொஞ்சம், ஆட்களின் கவனம் நிறைய. அதுதான் இந்தக் கட்டுமானத்தின் கணக்கு. பாய்க்கப்பல் என்றாலே நூறு கயிறு தொங்கும் வெள்ளைக்காரக் கப்பலை வரைகிறவர்கள் இதை எளிமையான பழைய முறை என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைத்துக் கட்டுவதற்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கயிறு மீதி. பாயின் பின்முனையைப் பிடித்திருப்பது, தாமான். பாரசீகத்தில் தாமன் என்றால் ஆடையின் ஓரம். அரபிக்கடல் மாலுமிகளோடு இந்தச் சொல் நம் கரைக்கு வந்திருக்க வேண்டும். பாயின் முந்தானைக் கயிறு என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. இதை இழுத்தால் பாய் காற்றை வாங்கும், தளர்த்தினால் கொட்டும். காற்றுப் பின்னாலிருந்து வரும்போது பாய் வெறும் பைதான், காற்றுத் தள்ளுகிறது. பக்கமிருந்து வரும்போது பாய் வளைந்து காற்றைத் திருப்பிவிடுகிறது. திரும்பும் காற்று பாயைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னுக்கும் இழுக்கிறது. பக்க இழுப்பைத் தண்ணீருக்குள் இருக்கும் ஏராவும் உடம்பும் எதிர்க்கின்றன. முன் இழுப்பு மிஞ்சுகிறது, தோணி போகிறது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது தாமான் பிடித்திருப்பவன் கையில். அதை முடிச்சுப் போட்டுக் கட்டுவது புத்திசாலித்தனமில்லை. கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் வைத்திருக்க வேண்டும். திடீர்க் காற்று அறைந்தால் கையை விட்டால் போதும். பாய் படபடக்கும், தோணி நிமிரும். முடிச்சை அவிழ்க்கத் தேடிக்கொண்டிருந்தால் தோணி கவிழ்ந்திருக்கும்.

பாய் என்ற சொல்லையே பாருங்கள். படுக்கும் பாயும் கப்பல் பாயும் ஒரே சொல். ஓலையிலும் கோரையிலும் முடைந்த பாயைக் காற்றுக்குக் கட்டிய காலம் அதற்குள் இருக்கிறது. துணிப்பாய் பிறகு வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் தேயிலைச் செடி உரசாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பை நாங்கள் படங்கு என்கிறோம். யாழ்ப்பாணத்தில் லொறிச் சரக்கை மூடுவதும் படங்கு. புறநானூற்றுக்காரர் பாய்மரத்தைக் கூம்பு என்றார். அந்தச் சொல் இன்று கணிதப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

காற்றுக்கும் பெயர் உண்டு. வடபுலத்துக் கடலோடிகளுக்கு வடக்கே இருந்து வருவது வாடை, தெற்கே இருந்து சோழகம், கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். சோழகத்தின் காலத்தில்தான் தென்மேற்குப் பருவமழை எங்கள் மலையில் முட்டிக் கொட்டுகிறது. அங்கே பாய் விரிய ஒரு காற்று. இங்கே காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தலையில் சாக்குப் போட்டு நிற்க வைப்பதும் அந்தக் காற்றேதான்.

இந்தத் தொழிலின் உச்சம் எது என்று கேட்டால் வல்வெட்டித்துறையைத்தான் சொல்வேன். 1930இல் அங்கே வேப்ப மரத்தால் ஒரு கப்பல் கட்டினார்கள். பெயர் அன்னபூரணி. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரம். 32 அடிப் பாய்ப்படகில் உலகம் சுற்றிப் பேரெடுத்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதைக் கண்டு விலைக்கு வாங்கினார். வாங்கி, மனைவியின் பெயரில் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று மாற்றினார். 1937இல் புறப்பட்ட அக்கப்பல் ஏடன், சுயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. தண்டையல் தம்பிப்பிள்ளை உள்ளிட்ட வல்வெட்டித்துறைக்காரர் ஐவர் அதில் போனார்கள். குளோஸ்டர் என்பது பரம்பரையாய்ப் பாய்க்கப்பல் கட்டிக் கடலோடிய ஊர். அங்கே போய் ஒரு வேப்ப மரக் கப்பல் கரை தட்டாமல் நின்றது. வேம்பு அட்லாண்டிக்கைத் தாங்கியது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது, வகுப்பில் சத்தம் அடங்கும்.

"சேர், நம்ம தேயிலயும் பாய்க்கப்பல்ல போனிச்சா?" என்று எந்த வருடமும் ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. அதற்குப் பதில் சொல்ல 1869க்குப் போக வேண்டும். அந்த வருடம் நவம்பர் 17 சுயஸ் கால்வாய் திறந்தது. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 22, ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டி சார்க் என்ற பாய்க்கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். சீனத் தேயிலையை லண்டனுக்கு ஓட்டமாய்க் கொண்டுபோவதற்கென்றே கட்டிய கப்பல். மூன்று மரம், 32 பாய், எல்லாக் கயிற்றையும் நீட்டினால் 11 மைல். அதற்கு மூன்று வருடம் முந்தி இப்படியான இரண்டு கப்பல்கள், டேப்பிங்கும் ஏரியலும், சீனத்து பூச்சோவிலிருந்து ஒரே ஓதத்தில் கிளம்பி, 99 நாள் ஓடி, லண்டனில் 28 நிமிட இடைவெளியில் கட்டின. ஆனால் பாய்க்கப்பலால் செங்கடலில் காற்றைப் பிடித்துப் போய்க் கால்வாயில் நுழைந்து வருவது சுலபமான காரியமில்லை. நீராவிக் கப்பல் குறுக்கு வழியில் போய்ச் சேர்ந்துவிடும். கட்டி சார்க் பிறக்கும்போதே அதன் தொழிலுக்குச் சாவு குறித்தாயிற்று. 1877க்குப் பிறகு அது தேயிலை ஏற்றவில்லை.

அதே 1869இல்தான் இலங்கையில் கோப்பி இலைத்துரு நோயைக் கண்டார்கள். கோப்பி செத்தது, தேயிலை வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே நட்டிருந்தாலும், 1873இல் லண்டனுக்குப் போனது 23 இறாத்தல். ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியபோது கொழும்பில் நீராவியின் ராச்சியம். ஆக, கோப்பி பாயில் போனது. தேயிலை புகையில் போனது. தேயிலைக்குப் பேர்போன அந்தக் கப்பல்கள் எங்கள் மலைத் தேயிலைக்காகக் கட்டியவை அல்ல.

ஒன்று மட்டும் அந்தக் கப்பல்களிலிருந்து எங்கள் மலைக்கு உறவு. கட்டி சார்க்கின் நிற்கும் கயிறு தும்புமில்லை, சணலுமில்லை, இரும்புக் கம்பி. கம்பியைக் கயிறாய் முறுக்கும் வித்தையை 1834இல் ஜேர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் அல்பேர்ட் செய்துகாட்டினார். சுரங்கத்திலிருந்து அது கப்பலுக்குப் போனது. தோட்டங்களிலே மேட்டு மலையிலிருந்து ஸ்டோர் வரைக்கும் கம்பி கட்டி, கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டி வழுக்கிவிடுவார்களே, அந்தக் கம்பியும் அதே சாதி. இழைகளை முறுக்கிப் பிரியாக்கி, பிரிகளை முறுக்கிக் கயிறாக்கும் பழைய தும்புக் கணக்குத்தான் அதிலும். சின்ன வயதில் அந்தக் கம்பியில் காது வைத்துக் கேட்டிருக்கிறேன். சாக்கு வருமுன்னே சத்தம் வரும்.

பாடம் முடிந்து மணி அடித்ததும் மேசையைக் காலி பண்ண வேண்டும். போன வருடம் ஒரு பெண்பிள்ளை கேட்டாள், "சேர், எந்தக் கயித்த மொதல்ல அவுக்க?"

"நீயே சொல்லு."

யோசித்தாள். தாமானை விட்டாள், பாய் தளர்ந்தது. ஆஞ்சானை மேசையின் பின்விளிம்பிலிருந்து அவிழ்த்து நூல்கட்டை வழியே மெல்ல இறக்கினாள், பருமல் வந்து மேசையில் படுத்தது. பிறகு பக்கக் கயிறுகள். இடப்பக்கத்தை அவிழ்க்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவனிடம் திரும்பினாள்.

"டேய், கம்பப் புடி."

அவன் பிடித்ததும் அவிழ்த்தாள்.